றூட் குடும்பத்துப் பீங்கான்

செவ்வாய்க்கிழமை காலை, பழம்பொருட் கடையின் திருத்தும் மேசையில், வின்சன்ற் அந்தப் பீங்கான் தட்டை இளஞ்சூட்டு நீரில் இறக்கினார். ஒரு காலத்தில் மூன்றாக உடைந்து, யாரோ அரக்கு வைத்து ஒட்டி, அந்த ஒட்டும் இப்போது தளர்ந்துபோய், குளியல் துவாய் ஒன்றில் சுற்றப்பட்டு வந்திருந்தது. விளிம்பில் தங்கக் கோலம் பாதி தேய்ந்திருந்தது. நடுவில் இரண்டு பறவைகள் தூக்கிப் பிடித்த ஒரு கேடயம். கேடயத்தின் இடப்பாதி வெறும் வெள்ளை. அதற்குள் மெல்லிய கறுப்புக் கோட்டில் ஒரு சொல். வலப்பாதி முழுவதும் மஞ்சள்.

அந்தச் சொல்லுக்காகத்தான் தட்டைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். ஆர், ஓ, ஓ, டி. கொண்டுவந்த முதியவரின் குடும்பப் பெயரும் அதுதான். ஒல்லாந்தில் ‘றோட்’ என்று சொல்வார்களாம். கனடாவில் வந்திறங்கிய நாள் முதல் அது ‘றூட்’ ஆகிவிட்டது.

“பேர்தான் மிஸ்டர் றூட், இங்கிலீசில மரியாதை கெட்டவன் எண்டமாதிரி. இந்தக் கடைக்கு வந்ததுகளுக்குள்ள மரியாதையான மனுசன் அவர்தான்,” என்றான் கடைக்காரன் ஜனார்த்தன்.

எண்பது வயதை நெருங்கும் அந்த மரியாதையான மனிதர் முதல் நாள் கவுண்டரில் நின்று கதையை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு றூட் குடும்பத்து மூதாதை ஒருவர் தன் குலச்சின்னத்தை வரைந்து கப்பலில் சீனாவுக்கு அனுப்பி, ஒரு முழு மேசைக்குரிய பீங்கான்கள் செய்வித்தாராம். மிஞ்சியது இந்த ஒன்று. ஐந்து வயதுப் பிள்ளையாக அவர் இங்கே வந்தபோது, அவருடைய தகப்பன் ஹொலண்ட் மார்ஷ் என்ற தோட்ட நிலத்தில் பிறருடைய வெங்காய வயல்களில் முழங்காலில் தவழ்ந்து களை பிடுங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டை எடுத்து மேசை நடுவில் வைத்து, நாங்கள் யார் என்று பாருங்கள் என்பாராம். வரும் ஞாயிறு முதியவரின் எண்பதாவது பிறந்தநாள். குடும்பத்தார் முப்பத்தெட்டுப் பேர் கூடுகிறார்கள். எல்லோர் முன்னிலையிலும் தட்டை மூத்த மகளிடம் கொடுக்க வேண்டும். “புதிதுபோல வேண்டாம். சின்னம் முழுதாகத் தெரிந்தால் போதும்,” என்றார்.

பழைய அரக்கு ஊறிவர நேரம் எடுக்கும். வின்சன்ற் கதிரையில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். அறுபத்து மூன்று வயது. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து சப்வே ரயில், பிறகு விக்ரோறியா பார்க்கில் பஸ், பிறகு பனியில் ஏழு நிமிட நடை. மேசைக்கு வந்து சேரும்போதே ஒரு நாளின் அரைவாசிக் களைப்பு சேர்ந்துவிடும். கண்களுக்கு இரண்டு கண்ணாடிகள், ஒன்றின்மேல் ஒன்று. வலது தோள் நவம்பரிலிருந்து தலைக்குமேல் உயர மறுத்தது.

“என்ன அண்ணை, இன்னும் ஊறுதோ?” ஜனார்த்தன் எட்டிப் பார்த்தான். “இந்த நேரத்துக்கு ஒரு கிலோ கடலை அவிச்சிருக்கலாம்.”

“ஊறட்டும். அவசரப்பட்டால் விளிம்பு சிதறும்.”

“உங்களையும் சேர்த்து ஊறப் போட்டிருக்கோ எண்டு பார்க்க வந்தனான்.”

வின்சன்ற் இந்த வேலையை யாரிடமும் பயின்றவரல்ல. இந்தக் கடை முன்பு ஒரு ஹங்கேரியக் கிழவருடையதாக இருந்தது. வின்சன்ற் அங்கே மாலையில் தரை துடைத்தார். உடைந்தவற்றைப் போடும் பெட்டியிலிருந்து, கேட்டுத்தான், துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோனார். நூலகத்தில் புத்தகங்களை எடுத்துப் படங்களைப் பார்த்தார். எழுத்தைப் பிறகு அகராதியோடு வாசித்தார். மூன்று வருடங்கள் ஒட்டினார், பிரித்தார், திரும்ப ஒட்டினார். ஒருநாள் தான் திருத்திய ஒரு சீனிக் கிண்ணத்தைக் கடை அலுமாரியில் கொண்டுவந்து வைத்தார். கிழவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. உடையாத கிண்ணம் என்று ஒரு பெண்ணுக்கு விற்றும்விட்டார். வின்சன்றுக்கு மகிழ்ச்சி அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. போய் உண்மையைச் சொன்னார். கிழவர் திட்டினார், அந்தப் பெண்ணைத் தேடி ஒரு வாரம் தொலைபேசியில் அலைந்தார். அதன் பிறகுதான் வின்சன்றுக்கு ஜன்னலோரம் ஒரு மேசை கிடைத்தது.

அன்றிலிருந்து அவரிடம் ஒரு கட்டுப்பாடு. உடைந்த இடத்தில் மட்டும்தான் நிறம் வைப்பார். உடையாத பீங்கான்மேல், அது எவ்வளவு அவலட்சணமாக இருந்தாலும், ஒரு மயிரிழை அளவும் பூச மாட்டார். கிழவர் கடையை விற்றபோது மேசையோடும் வின்சன்றோடும் இந்தக் கட்டுப்பாட்டோடும் சேர்த்துத்தான் ஜனார்த்தன் வாங்கினான். இறந்தவர்களின் வீடுகளை ஒதுக்கிச் சாமான் விற்பது அவன் தொழில். வின்சன்றின் தொழில் அவனுக்கு ஒரு கௌரவம். அதே அளவுக்குத் தலையிடியும்.

மத்தியானம் துண்டுகள் பிரிந்தன. வின்சன்ற் அவற்றைத் துடைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, புறஊதா விளக்கைப் பிடித்துப் பார்த்தார். இந்த வெளிச்சத்தில் சூளையில் வெந்த நிறம் அடங்கிக் கிடக்கும்; பிறகு பூசிய நிறம் வேறுவிதமாகப் பளிச்சிடும். கேடயத்தின் மஞ்சள் பாதி பாலாடைபோல் பளிச்சிட்டது. முழுப் பாதியும் பிற்காலப் பூச்சு. விளிம்புகளில் அது ஏற்கெனவே தண்ணீரில் உப்பிக் கழன்றிருந்தது. அப்படியே விட்டால் புது ஒட்டோடு ஒத்துப்போகாது. பஞ்சுக் குச்சியை, நிறத்தைக் கரைக்கும் அசற்றோனில் தொட்டு மெல்ல உருட்டினார். மஞ்சள் செதில் செதிலாக வந்தது. வந்த செதில்களை ஊசி முனையால் ஒரு கடதாசிப் பொதியில் சேர்த்தார். எடுத்த எதையும் அவர் எறிவதில்லை.

மஞ்சளுக்குக் கீழே எழுத்துகள் தெரிந்தன.

வின்சன்றுக்கு முதலில் ஒன்றும் வியப்பாக இருக்கவில்லை. அவரும் அப்படி எழுதுபவர்தான். உடைந்த இடத்தை வெள்ளைப் பசையால் நிரப்பிக் காயவிட்ட பின், எங்கே என்ன நிறம் என்று பென்சிலால் அந்த நிரப்பின் மேலேயே தமிழில் எழுதிவைப்பார். ‘சிவப்பு, கொஞ்சம் காவி.’ ‘இதில பச்சை மெல்லிசா.’ பூசும்போது எழுத்து நிறத்துக்கு அடியில் போய்விடும். ரொறன்ரோவில் எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் வின்சன்றின் எழுத்து இப்படிக் கிடக்கிறது. இதுவும் தனக்கு முன்னே யாரோ ஒரு திருத்துபவர் எழுதிய குறிப்பு என்றே நினைத்தார். அதைத் துடைக்க இன்னொரு குச்சியை நனைத்து உருட்டினார். எழுத்து அசையவில்லை. மருந்தை மாற்றினார். அசையவில்லை. சின்னக் கத்தியை எடுத்து, முதல் எழுத்தின் வாலில் முனையை வைத்து, சுரண்டுவதற்கு முன் ஏனோ நிறுத்தினார்.

கத்தியை வைத்துவிட்டு ஊசியால் தொட்டுப் பார்த்தார். ஊசி வழுக்கிக்கொண்டு போனது. எழுத்து மெருகோடு சேர்ந்து சூளையில் வெந்திருந்தது. மற்றப் பாதியில் இருக்கும் சொல்லை எழுதிய அதே கை, அதே கறுப்பு, அதே மெல்லிய கோடு. இன்னும் ஒரு தரம் அழுத்தியிருந்தால் இருநூற்றைம்பது வருடத்து எழுத்தொன்றைக் களைப்பில் அழித்திருப்பார். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

ஜி, ஈ, ஈ, எல். தொலைபேசியில் தட்டினார். டச்சு மொழி; மஞ்சள் என்றது. யோசித்துவிட்டு மற்றச் சொல்லையும் தட்டினார். சிவப்பு.

பிறகு விளங்குவதற்கு நேரம் எடுக்கவில்லை. அம்ஸ்ரடாமில் யாரோ ஒருவர் கறுப்பு மையால் கேடயத்தை வரைந்திருக்கிறார். வர்ணம் பூச நேரமில்லையோ, வர்ணம் இல்லையோ, இந்தப் பாதி சிவப்பு, இந்தப் பாதி மஞ்சள் என்று உள்ளே எழுதிக் கப்பலில் கொடுத்துவிட்டார். சீனாவின் கன்ரனில் தூரிகை பிடித்தவனுக்கு அந்த எழுத்துகள் எழுத்துகளாகவே தெரிந்திருக்காது. அவனுக்கு அதுவும் படத்தின் ஒரு பகுதி. கோணலையும் விடாமல் கீறிச் சூளையில் வைத்துவிட்டான். தட்டில் இருக்கும் ‘றூட்’ ஒரு குடும்பத்தின் பெயரே அல்ல. இங்கே சிவப்பு பூசு என்ற கட்டளை. தட்டு வேறு யாரோ ஒரு வீட்டுக்குச் செய்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மஞ்சள் பாதியில் உடைவே இல்லை. வெடிப்பு அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. உடையாத இடத்தில் யாராவது பூசினால் அது மறைப்பதற்காகத்தான். டச்சு வாசிக்கத் தெரிந்த ஒருவர் இரண்டு சொற்களையும் பார்த்து, ஒன்றை மூடி, மற்றதைத் தன் குடும்பப் பெயராகக் காட்டியிருக்கிறார்.

ஜனார்த்தன் வந்து கேட்டுவிட்டு முதலில் சிரித்தான். பிறகு, “சரி, திரும்ப மஞ்சளை அடிச்சு விடுங்கோ,” என்றான்.

“அது உடையாத இடம்.”

“தெரியும் அண்ணை. ஆனால் முந்தியும் மஞ்சள்தானே இருந்தது? நீங்கள் புதுசா என்ன செய்யப் போறியள்? வந்தமாதிரித் திருப்பிக் குடுக்கிறியள்.”

“முந்தி ஆரோ செய்தது. இப்ப செய்தால் நான் செய்தது.”

“அந்த மனுசனுக்கு எண்பது வயசு. முப்பத்தெட்டுப் பேருக்கு முன்னால போய், இது எங்கட பீங்கான் இல்லை, பெயின்ற் கடைச் சீட்டு எண்டு சொல்லச் சொல்லுறியளோ? ஒல்லாந்தன் எங்கட சனத்தை நூற்றிச் சொச்சம் வருசம் ஆண்டவன், ஓம். அதுக்காக இப்பிடிப் பழி வாங்கக் கூடாது.”

“பகிடி விடாதை ஜனா.”

“பகிடி இல்லை. நீங்கள்தான் இதை முதல்ல விளங்க வேணும், மேற்படியார்.”

அந்தப் பட்டப்பெயர் ஜனார்த்தன் வைத்ததல்ல. கனடா அரசாங்கத்திடமே இருந்தது. வின்சன்றும் தமையன் எட்வேட்டும் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது, ஊரில், நாரந்தனையில், அவர்களுடைய சித்தப்பா இருவருடைய விபரங்களையும் ஒரே தாளில் தமிழில் எழுதிக் கொழும்புக்கு அனுப்பினார். முதல் வரியில் எட்வேட்; குடும்பப் பெயர், சூசைதாசன். அடுத்த வரியில் வின்சன்ற். குடும்பப் பெயர், மேற்படி. மேலே எழுதியதேதான் என்று அர்த்தம். கொழும்பு, கொட்டாஞ்சேனையில் இருந்த பயண ஏஜென்சியின் தட்டெழுத்தாளன் அதை எழுத்தெழுத்தாக ஆங்கிலத்தில் அடித்துவிட்டான். பயணம் அடுத்த நாள். கடவுச்சீட்டில் அப்படி, அகதி விசாரணையில் அப்படி, குடியுரிமைப் பத்திரத்தில் அப்படி. தமையன் பாரிசில் சூசைதாசன்; தம்பி ரொறன்ரோவில் மிஸ்டர் மேற்படி. வங்கியில் தமிழ்ப் பிள்ளை யாராவது இருந்தால் பெயரைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொள்ளும். மாற்றுவோம் என்று ஒருமுறை படிவம் எடுத்துவந்தபோது மகள் ஜூலி அழுதாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மூன்று பரிசுக் கோப்பைகள் கிடைத்திருந்தன. எல்லாவற்றிலும் ஜூலி மேற்படி என்று பொறித்திருந்தது. படிவத்தை மடித்து வைத்தார்கள்.

“என்ர பேரில என்ன பிழை எண்டு எனக்குத் தெரியும்,” என்றார் வின்சன்ற். “தெரிஞ்சுகொண்டுதான் வைச்சிருக்கிறன். அவருக்குத் தெரியாது.”

“தெரியாமல் இருக்கிறதுதானே நிம்மதி?”

வின்சன்ற் செதில்கள் கிடந்த பொதியை மடித்து லாச்சிக்குள் வைத்தார்.

அன்று மாலை வீட்டில் மனைவி செலீனிடம் சொன்னார். செலீன் முதியோர் இல்லமொன்றில் இருபத்திரண்டு வருடமாகப் பிறரைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறாள். அப்போதுதான் வந்து, கால்களைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

“அந்த மஞ்சள் தகப்பன் செய்த வேலை,” என்றாள்.

“எப்பிடிச் சொல்லுறாய்?”

“வேற ஆருக்கு அதால பிரயோசனம்? வெங்காயத் தோட்டத்தில முழங்காலில நிக்கிற மனுசன், பிள்ளையள் தலை நிமிர்ந்து நடக்க வேணும் எண்டு ஒரு சொட்டு மஞ்சளைப் பூசியிருக்கு. அதைப் போய் நீங்கள் ஏன் சுரண்டினீங்கள்?”

“நான் சுரண்டேல்லை. அது தானாக் கழண்டது.”

“ஓமோம். எல்லாம் தானாத்தான் கழருது.” காலை வெளியே எடுத்துத் துடைத்தாள். “எங்கட இடத்தில ஒரு கிழவி இருக்கு. தன்ர மகன் டொக்ரர் எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லும். மகன் ட்ரக் ஓடுறவன். ஞாயிற்றுக்கிழமை வருவான். நேர்ஸ்மார் எல்லாரும் அவனை டொக்ரர் எண்டுதான் கூப்பிடுவினம். அவனும் பேசாமல் தாயின்ர கையைப் பிடிச்சு நாடி பார்ப்பான்.”

“நீயும் கூப்பிடுவியோ?”

“நானும்தான்.”

வின்சன்ற் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். “அவன் மகன்,” என்றார். “மகன் செய்யலாம். நான் அந்த ஆளுக்கு ஆர்?”

“அப்ப சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு அந்த ஆளின்ர முகத்தையும் நீங்களே பாருங்கோ,” என்று சொல்லிவிட்டு அவள் படுக்கப் போனாள்.

புதன்கிழமை ஒட்டினார். மூன்று துண்டுகளையும் பசை போடாமல் முதலில் பொருத்தி, நகத்தை மூட்டின்மேல் குறுக்கே ஓட்டிப் பார்த்து, நகம் எங்கே தடக்குகிறது என்று காதால் கேட்டுக் கேட்டுச் சரிசெய்தார். மத்தியானத்துக்குள் நான்கு தரம் பிரித்தார். ஐந்தாவது தரம் நகம் தடக்கவில்லை. வியாழக்கிழமை மூட்டை நிரப்பித் தேய்த்தார். சிதறிய விளிம்புக்கு மட்டும் தங்கம் வைத்தார். இவை அவர் தூக்கத்திலும் செய்யக்கூடியவை. செய்யும்போதெல்லாம் கேடயம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னேரம் ஜனார்த்தன் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். “நாளைக்கு மூண்டு மணிக்கு வாறார். மஞ்சளைக் கலந்தாவது பாருங்கோ. கலக்கிறது பாவமில்லைத்தானே?”

வின்சன்ற் கலந்தார். பழைய செதிலொன்றைப் பக்கத்தில் வைத்து, மஞ்சளில் காவி ஒரு துளி, வெள்ளை இரண்டு, மறுபடி காவி. ஆறாவது கலவையில் செதிலும் கலவையும் ஒன்றாகின. வேறு கலவை பார்க்கவே தேவையில்லை. தூரிகையை நனைத்துக் கேடயத்துக்குமேல் பிடித்தார். கை ஆடவில்லை. ஆனாலும் கேடயத்தைத் தொடவில்லை. தூரிகையைக் கழுவி வைத்து, கலவையை மூடி, கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். பஸ் வர இருபத்தைந்து நிமிடம். அந்த நேரம் முழுவதும் அவர் அந்த முதியவருக்குச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு வசனத்தை அடுக்கினார். எப்படி அடுக்கினாலும் அது கெட்ட செய்தி சொல்லும் வைத்தியரின் வசனம்போலவே வந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே மிஸ்டர் றூட் வந்துவிட்டார். சப்பாத்துப் பனியை வாசலில் நன்றாகத் தட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். வின்சன்ற் அவரை மேசைக்குக் கூட்டிப்போய்த் தட்டை விளக்கின் கீழ் வைத்தார். அடுக்கிய வசனத்தைச் சொல்லவில்லை. மஞ்சள் பூச்சு கழன்றுவிட்டது, கீழே இது இருந்தது, பாருங்கள் என்றார்.

முதியவர் குனிந்தார். அவருடைய உதடுகள் அசைந்தன.

“ஹேல்,” என்று அந்த நான்கு எழுத்தையும் டச்சில் வாசித்தார். பிறகு மெதுவாக, “சிவப்பு, மஞ்சள்,” என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டார்.

வின்சன்ற் சீனத்துத் தூரிகைக்காரனைப் பற்றிச் சொன்னார். எழுத்துத் தெரியாதவன் கண்டதைக் கண்டபடி கீறினான் என்றார். முதியவர் தலையசைத்தார், கேட்டாரா என்று தெரியவில்லை.

“எந்த முட்டாள் இதை மூடினான்?”

வின்சன்ற் கடதாசிப் பொதியை எடுத்து நீட்டினார். முதியவர் செதில்களை உள்ளங்கையில் கொட்டி ஜன்னலடிக்குக் கொண்டுபோனார். வெளிச்சத்தில் அவற்றை விரலால் புரட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

“எங்கள் குசினியில் ஆறு கதிரைகள் இருந்தன,” என்றார். “அப்பா பூசியது. இதே மஞ்சள்தான். வெயில் பட்டால் இப்படித்தான் வெளுக்கும்.” பிறகு, “அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அம்மா கெட்டிக்காரி,” என்றார்.

ஜனார்த்தன் தேநீர் கொண்டுவந்து வைத்தான். அவன் வின்சன்றைப் பார்க்கவில்லை.

“வருத்தம் தருகிறேன் என்று தெரியும்,” என்றார் வின்சன்ற்.

“இல்லை. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.” முதியவர் தேநீரைத் தொடவில்லை. “முப்பத்தெட்டுப் பேர் வருகிறார்கள். அந்த வெங்காய வயலைக் கண்டவன் அதில் நான் ஒருவன்தான். மற்றவர்களிடம் அப்பாவின் படம்கூட ஒழுங்காக இல்லை. அவர்களிடம் இருப்பது இந்தக் கதை மட்டும். இதைத் திரும்ப மூடித் தருவாயா?”

“என்னால் முடியாது, சேர்.”

“நிறம் கிடைக்காதா?”

வின்சன்றுக்குப் பொய் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது. “நிறம் இருக்கிறது. நேற்றுக் கலந்தேன். ஆனால் உடையாத இடத்தில் நான் பூசுவதில்லை.”

“அண்ணை,” என்றான் ஜனார்த்தன் தமிழில், பல்லுக்குள். “கடவுளே எண்டு ஒருக்கா...”

“ஏலாது ஜனா.”

இருவருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று முதியவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அவர் தொப்பியை மேசையில் வைத்தார். கோட்டைக் கழற்றிக் கதிரை முதுகில் போட்டார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்தார்.

“நீ பூச வேண்டாம்,” என்றார். “தூரிகையை என்னிடம் தா. என் தட்டுத்தானே?”

வின்சன்ற் யோசித்தார். அந்தக் கட்டுப்பாடு அவருடைய கைக்குத்தான். இந்தக் கைக்கு அல்ல. எழுந்து தன் கதிரையை அவருக்குக் கொடுத்தார். மூடிவைத்த கலவையைத் திறந்து, மேலே படிந்த ஆடையை எடுத்துவிட்டு, கொஞ்சம் இளக்கினார். இரண்டாவது கண்ணாடியைக் கழற்றி முதியவரின் மூக்கில் மாட்டினார். தூரிகையை எவ்வளவு நனைப்பது, எவ்வளவு வழிப்பது என்று ஒரு தரம் காட்டினார். பிறகு தட்டை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார்.

முதியவர் தூரிகையைக் கேடயத்தில் வைத்தார். முதல் இழுப்பிலேயே மஞ்சள் கேடயத்தின் கோட்டைத் தாண்டிப் பறவையின் கால்மேல் ஏறியது. மறு இழுப்பு மேலே தடிப்பாகவும் கீழே வெளிறியும் விழுந்தது. எழுத்து உடனே மறையவில்லை. மூன்று தரம் மேலுக்குமேல் பூச வேண்டியிருந்தது. வின்சன்றின் விரல் தானாகவே பஞ்சுக் குச்சியை எடுத்துப் பறவையின் காலருகே கொண்டுபோனது.

“விடு,” என்றார் முதியவர். “அப்பா பூசியதும் கோட்டுக்கு வெளியே போயிருந்தது.”

உண்மைதான். செவ்வாய்க்கிழமை வின்சன்ற் அதையும் கவனித்திருந்தார். குச்சியை வைத்துவிட்டார்.

முடிந்தபோது நாலரை. தட்டு முதல் வந்ததைவிட மோசமாக இருந்தது என்று வின்சன்றுக்குத் தோன்றியது. முதியவர் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைத் தள்ளிநின்று பார்த்தார். சிரிக்கவில்லை.

“மகளுக்குச் சொல்வேன்,” என்றார். “ஞாயிறு இல்லை. பிறகொரு நாள்.”

வின்சன்ற் வேலைச் சீட்டை எடுத்து, மூட்டு எங்கே, நிரப்பு எங்கே, தங்கம் எங்கே என்று வழமைபோல ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் எழுதினார். கடைசி வரியில்: கேடயத்தின் வலப்பாதியில் வெந்த எழுத்து நான்கு, அதன்மேல் மஞ்சள், உரிமையாளர் பூசியது, அசற்றோனில் கழலும். முதியவர் அதை வாசித்து, ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லாமல், கீழே கையொப்பமிட்டார். தட்டைச் சுற்றுவதற்குத் துவாயை எடுத்தார்.

“இன்றைக்குக் கொண்டுபோக முடியாது,” என்றார் வின்சன்ற். “காய நாளைக் காலைவரை எடுக்கும். துணி பட்டால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.”

“நாளைக்குத் திறந்திருக்குமா?”

சனிக்கிழமை பட்டறை பூட்டு. ஜனார்த்தனுக்கு மார்க்கம் நகரில் ஒரு வீடு ஒதுக்கும் வேலை இருந்தது. வின்சன்றுக்கு, இரண்டு வாரங்களுக்குப் பிறகு, ஒரு முழு நாள் ஓய்வு இருந்தது. செலீனுக்கும் அன்றுதான் லீவு.

“ஒன்பது மணிக்கு வாங்கோ,” என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்.

முதியவர் போன பிறகு ஜனார்த்தன் திறப்புக் கோர்வையிலிருந்து கடைத் திறப்பைக் கழற்றி மேசையில் வைத்தான். “ரெண்டு சொட்டு மஞ்சள், அண்ணை. நேற்றே நீங்கள் அடிச்சிருந்தால் நாளைக்கு நித்திரை கொண்டிருக்கலாம்.”

“ஓம்,” என்றார் வின்சன்ற். கண்ணாடிக் கூண்டொன்றை எடுத்து, தூசி படாமல், ஈரமான தட்டுக்குமேல் கவிழ்த்தார். தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார்.